பூனை வளர்ப்பவர்கள் செடி வாங்கும் முன்: சிட்டு பட்ட பாடு

வீட்டுக்குள் வைக்கும் செடி என்பதாலேயே அது பூனைக்கும் ஆகும் என்று நர்சரிக்காரர்கள் எந்தத் தைரியத்தில் சொல்கிறார்களோ தெரியவில்லை. குற்றாலத்திலிருந்து திரும்பும்போது, தென்காசிச் சாலையோரம் ஒரு நர்சரியில் கேட்டுத்தான் வாங்கினேன். "அண்ணாச்சி, வீட்டில் பூனை நிற்கிறது. கடித்தால் ஒன்றும் ஆகாதே?" என்றேன். "ஒன்றும் செய்யாது, தைரியமாகக் கொண்டுபோங்கள்" என்றார். பில்லில் 'இண்டோர் - 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பில்தான் பிறகு எங்களைப் படுத்தி எடுத்தது.

எங்கள் பூனை சிட்டு அந்தச் செடியின் இலை நுனியைக் கடித்த கொஞ்ச நேரத்தில் வாயிலிருந்து எச்சில் நூல் நூலாக வழிந்தது. முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. சாளை மீன் தலையை வைத்தும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

வயர்க்கூடையில் வைத்துத் துண்டால் மூடிக் கட்டி, பக்கத்திலிருந்த கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் முகாமுக்குப் போயிருந்தார். உதவியாளர் துண்டை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பூனைதானே, தானாகச் சரியாகிவிடும்." கறவை மாடு என்றால் இப்படிச் சொல்லியிருப்பாரா? இன்னும் வயிறு எரிகிறது. அதைவிடக் கொடுமை மருந்துக்கடையில் கிடைத்த யோசனை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சொட்டு மருந்தில் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள் என்றார்கள். யார் சொன்னாலும் இதைச் செய்துவிடாதீர்கள். பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குப் போதாது. சிறிதளவே ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுத்து உயிரை வாங்கிவிடும்.

பாளையங்கோட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, வண்ணார்பேட்டை நெரிசலையும் ஜங்ஷனையும் தாண்டி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சீட்டுப் போடுவதில் சிக்கல் இல்லை. மருத்துவர் கேட்ட முதல் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டோம்: "என்ன செடி?" பில்லை நீட்டினேன். இண்டோர். நர்சரிக்குப் போன் போட்டால், "பச்சையும் வெள்ளையுமாக இருக்குமே, அந்த ஃபேன்சி செடி" என்கிறார். ஆந்திராவில் நர்சரிகள் நிறைந்த கடியத்திலிருந்து லாரியில் மொத்தமாக வந்து இறங்குகிறதாம், பெயரெல்லாம் தெரியாதாம்.

வீட்டில் இருந்த மதினியிடம் படம் அனுப்பச் சொன்னேன். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். தண்டு, இலையின் அடிப்பக்கம், காம்பு தண்டோடு சேரும் இடம் இவை தெரிய வேண்டும் என்றார். மதினி தரையில் உட்கார்ந்து எடுத்து அனுப்பினார். பார்த்ததும் "டிஃபன்பேக்கியா" என்றார் மருத்துவர். எனக்கு உயிர் வந்தது.

காரணம் இதுதான். டிஃபன்பேக்கியா, மணி பிளாண்ட், பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா எல்லாம் சேனை, சேம்பு குடும்பம். சேனைக்கிழங்கை நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள்தான் இவற்றின் இலையிலும் இருக்கின்றன. நாக்கிலும் தொண்டையிலும் குத்தி வீங்க வைக்கும், வாந்தி வரும். மூச்சு விடத் திணறினால் ஆபத்து. மற்றபடி பெரும்பாலும் தேறிவிடும். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, கொஞ்சம் தயிர் நக்கக் கொடுத்து, ஊசி போட்டு, வீக்கம் கூடுகிறதா என்று பார்த்திருந்துவிட்டு அனுப்பினார்கள். இரவில் சாதத்தை மீன் குழம்பில் பிசைந்து வைத்ததும் தின்றது.

செடியைத் திருப்பிக்கொண்டு போனபோது நர்சரிக்காரர் பணம் தர மறுத்தார். விடவில்லை. அதற்குப் பதிலாக அரிக்கா பாம் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தேன். மடகாஸ்கர் நாட்டுச் செடியான இது பூனைக்குத் தீங்கில்லாதது. கலாத்தியா, பெப்பரோமியா, ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் ஃபெர்ன் ஆகியவையும் அப்படித்தான். ஆனால் பாம் என்று சொல்லி சைகஸைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அதன் எல்லாப் பாகமும் ஈரலைக் கெடுக்கும், விதை இன்னும் மோசம். சோற்றுக்கற்றாழையையும் எட்டாத இடத்தில் வையுங்கள். பச்சை மெல்லும் ஆசைக்கு ஒரு தொட்டியில் அருகம்புல் போதும். வாசலில் குப்பைமேனி முளைத்திருந்தால் பிடுங்காமல் விடுங்கள், அதன் வேரில் பூனை புரண்டு விளையாடும்.

பூனை எதையாவது கடித்துவிட்டால் உப்புத்தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். செடியின் ஒரு கிளையையே ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு போவது எந்தப் படத்தையும் விட நல்லது.

மருத்துவர் முதலில் பயந்தது லில்லியை நினைத்துத்தான். பீஸ் லில்லி வாயை மட்டும்தான் புண்ணாக்கும். கல்யாண வரவேற்புகளில் பூங்கொத்தில் வைக்கிறார்களே, பெரிய இதழும் நீண்ட மகரந்தத் தண்டும் உள்ள அசல் லில்லி, அது வேறு. அதன் மகரந்தத்தை நக்கினாலோ ஜாடித் தண்ணீரைக் குடித்தாலோகூடப் போதும், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். 18 மணி நேரத்துக்குள் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்கினால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அப்படிப்பட்ட பூங்கொத்து கையில் கிடைத்தால் மண்டபத்திலேயே யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள். சட்டையில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால், பூனையைத் தூக்கும் முன் சட்டையை மாற்றிவிடுங்கள்.