மடக்குக் குடையில் பரசூட்: இதுவரை வந்த இடம்

அரைக் கிலோ எடை, செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் தரைக்கு வர வேண்டும். கொழும்பு வெக்கையில் காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறக்குறைய 1.16 கிலோ. வட்டப் பரசூட்டின் இழுவைக் குணகத்தை (அந்த வடிவம் காற்றை எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.75 என்று வைத்தேன். எல்லாவற்றையும் சமன்பாட்டில் போட்டால் 0.7 சதுர மீற்றர் துணி, அதாவது 95 சென்ரிமீற்றர் விட்டம் வந்தது. கம்பி முறிந்து மூலையில் கிடந்த மடக்குக் குடையை விரித்து அளந்தேன். கிட்டத்தட்ட அதே அளவு. புறக்கோட்டையில் துணி தேடி அலையும் வேலை மிச்சம்.

செக்கனுக்கு 4 மீற்றர் என்றால் 80 சென்ரிமீற்றர் உயர மேசையிலிருந்து பொருள் விழும் அடிதான். இதைப் பாதியாகக் குறைக்க ஆசைப்பட்டால் துணி நாலு மடங்கு வேண்டும். ஆகவே அந்த ஆசையை அங்கேயே விட்டுவிட்டேன்.

குடைத்துணியில் ஏற்கெனவே எட்டுப் பாகங்கள் தைத்திருக்கும், கம்பி நுனி மாட்டும் எட்டு மூலைகளும் இருக்கும். நூல் கட்ட அவை போதும் என்றாலும், ஒழுங்கைத் தையற்காரரிடம் கொடுத்து ஒவ்வொரு மூலையிலும் நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டேன். நூலுக்கு மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கிய பின்னல் நைலோன். ஒற்றை இழைத் தங்கூசி வேண்டாம். முடிச்சு வழுக்கும், சுருண்டு கொண்டால் பிரிக்கவும் ஏலாது. எட்டு நூலும் 1.1 மீற்றர். ஊரில் பட்டத்துக்கு முச்சை கட்டிப் பழகிய கைக்கு எட்டையும் ஒரே நீளத்தில் நிறுத்துவது பெரிய வேலையில்லை.

சுமை, பொலித்தீனுக்குள் போட்டுத் துணிப்பையில் கட்டிய அரைக் கிலோ அரிசி. (வண்டு பிடித்த அரிசிதான், வீட்டில் சண்டை வேண்டாமே.) போடும் இடம், வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் ஐந்து மாடித் தொடர்மாடியின் மேல்தளம், 16 மீற்றர் இருக்கும். விடிந்தவுடன் காற்று படுத்திருக்கும் நேரத்தில், கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில் கயிறு கட்டி, காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். எதிர்ப் பக்கத்திலிருந்து போனில் செக்கனுக்கு 240 பிரேமில் படம்.

முதலில் தெரிந்தது ஊசல் ஆட்டம். குடைத்துணி தண்ணீர் விடாதது போலவே காற்றையும் விடாது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு பக்க விளிம்பால் வழியும், குடை சரியும், பிறகு மறுபக்கம். 1797இல் பாரிஸில் பலூனிலிருந்து குதித்த கார்னெரனின் குடையிலும் உச்சித் துவாரம் இல்லை. அவருடைய கூடை ஆடிய ஆட்டம் வரலாற்றில் நிற்கிறது. மடக்குக் குடையில் தண்டு போகும் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டி, ஓரம் மடித்துத் தைத்தேன். மொத்தப் பரப்பில் ஒரு வீதம்கூட வராது. ஆட்டம் முழுதாக நிற்கவில்லை, ஆனால் கண்ணுக்கு நன்றாகவே தெரியுமளவு குறைந்தது. கடைசி மாடிகளில் 3 மீற்றரைக் கடக்க 165 முதல் 175 பிரேம் எடுத்தது. செக்கனுக்கு 4.1 முதல் 4.4 மீற்றர். கணக்கு மோசமில்லை.

இங்கே நிறுத்தியிருந்தால் பரசூட் முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் மேல்பாதிப் படங்களைப் பார்த்தால் கதை வேறு. கையால் மடித்து எறிந்த குடை ஒருநாள் நாலாம் மாடியில் விரியும், இன்னொருநாள் தரைக்குச் சற்று மேலே. ஒரே துணி, ஒரே எடை, ஒரே கை. துணி நூலுக்கு முன்பே பாதி விரிந்து காற்றில் தங்கும். சுமை தொடர்ந்து விழுந்து நூலை வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுவையில் குடை ஒருக்களித்துச் சுருங்கும். அதன் பிறகு மறுபடி விரிய உயரம் இருக்கிறதா என்பது அதிர்ஷ்டம்.

ஆக, முதலில் நூல், பிறகு துணி. அதற்கு ஒரு பை வேண்டும். மீந்த துணியில் சோப்புக்கட்டி இரண்டு வைக்குமளவு சின்னப் பை தைத்தேன். மூடியில் இரண்டு ரப்பர் வளையம், வெளிப்பக்கம் இன்னும் நாலு. குடையை நீள மடித்து, பாம்பு மடிப்பாக உள்ளே திணித்து, மூடியைச் சாத்தி, நூலின் முதல் மடிப்பை மூடி வளையங்களுக்குள் செருகினால் அதுவே பூட்டு. மீதி நூலை இடமும் வலமுமாக வெளி வளையங்களில் செருகிக்கொண்டே போக வேண்டும். பையின் மறுமுனை மேல்தளக் கம்பியில் கட்டியிருக்கும். இராணுவத்தில் விமானத்துக்குள் கொளுவிவிட்டுக் குதிப்பார்களே, அதே முறை. குடையின் உச்சியையும் பையையும் இணைப்பது ஒற்றைப் பருத்தி நூல்.

அரிசியைக் கைவிட்டதும் நடப்பதை மெதுவாக ஓட்டிப் பார்க்க அலுக்காது. நூல் மடிப்புகள் டப், டப் என்று ஒவ்வொன்றாகக் கழன்று நேராகின்றன. கடைசி மடிப்பு வந்ததும் மூடி திறக்கிறது. துணி வழுக்கி முழு நீளத்துக்கு இழுபடுகிறது, பருத்தி நூல் அறுகிறது, விளிம்பு ஒருமுறை படபடக்கிறது, பிறகுதான் காற்று உள்ளே போகிறது. இப்போது ஒவ்வொரு முறையும் இரண்டு மாடி உயரத்துக்குள் விரிந்துவிடுகிறது. வேகம் மாறவில்லை, துணியும் மாறவில்லை. மாறியது ஒழுங்கு மட்டும்தான்.

1967இல் சோவியத் விண்கலம் சோயூஸ் 1இல் விண்வெளி வீரர் கொமரோவ் இறந்ததும் இந்த இடத்தில்தான். சின்ன இழுப்புப் பரசூட் வெளியே வந்தது. பிரதான பரசூட்டைப் பெட்டியிலிருந்து இழுத்தெடுக்க அதனால் முடியவில்லை. 1971இல் நிலவுக்குப் போய்த் திரும்பிய அப்பல்லோ 15இன் மூன்று பரசூட்டில் ஒன்று பழுதாகியும் மூவரும் உயிரோடு கடலில் இறங்கினார்கள், ஏனென்றால் இரண்டு போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். துணியின் அளவில் தாராளம் காட்டலாம். வெளியே வராத துணிக்கு எந்தத் தாராளமும் உதவாது.

குறுக்கு வடிவத்திலும் ஒன்று தைத்தேன்: இரண்டு நீளத் துண்டுகளைக் கூட்டல் குறியாக வைத்து. அமெரிக்க இராணுவத்தின் டி-11 பரசூட்டும் அந்த வகைதான். ஆட்டம் மிகக் குறைவு, தைக்கவும் சுகம். நூல் நீளம் கொஞ்சம் பிசகினாலும் பம்பரமாகச் சுற்றுகிறது என்பதுதான் தொல்லை. இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

காலி முகத்திடலில் பட்டத்தில் கட்டி மேலேற்றிப் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: 30 மீற்றரிலிருந்து இறங்க ஏழரைச் செக்கன். தென்மேற்குப் பருவக் காற்று செக்கனுக்கு 6 மீற்றர் அடித்தால்கூட 45 மீற்றர் தள்ளும், அதுவும் கடலுக்கு இல்லை, காலி வீதிப் பக்கம். மெதுவாக இறங்குவது எப்போதும் பாதுகாப்பு அல்ல. திசை திருப்பி இறங்க வேண்டுமென்றால் செட்டை போல காற்று நிரம்பும் வகைக்குப் போக வேண்டும். 1964இல் அதைக் கண்டுபிடித்த டொமினா ஜால்பேர்ட் ஒரு பட்டக்காரர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோசம்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. மடித்து இரண்டு கிழமை வைத்த குடை, இந்த ஈரக் காற்றில் மடிப்போடு மடிப்பு ஒட்டிக்கொள்ளும். ரப்பர் வளையமும் வெக்கையில் இற்றுப் போகும். துணிக்குக் குழந்தைப் பவுடர் தூவுகிறேன், வளையத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுகிறேன். மனிதர்கள் குதிக்கும்போது அவசரத்துக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பரசூட்டை அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை பிரித்து மடிக்கச் சொல்கிறார்கள். என்னுடையதற்கு மாதம் ஒருமுறை.

இவ்வளவும் எதற்கென்றால், கலியாண வீட்டுப் படமெடுக்கும் மச்சானின் 900 கிராம் ட்ரோனுக்கு. செக்கனுக்கு 5 மீற்றர் போதுமென்றால் 1 மீற்றர்க் குடை, அதில் சிக்கல் இல்லை. ஆனால் அங்கே பையைக் கட்டிவைக்கக் கம்பி கிடையாது, ட்ரோனே விழுகிறது. ஆகவே பிவிசி குழாய்க்குள் சுருள்வில் வைத்து, பையை மேலே எறியும் ஏற்பாடு. குழாயைக் கவிழ்த்தால் பை தன் எடையிலேயே நழுவி வர வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு இறுக்கம் என்று பிரித்து மறுபடி மடிக்கிறேன். மேசையில் வைத்துப் பார்த்தபோது கூரை விசிறியில் போய்த் தட்டியது, விசை போதும். மிச்சம் இருப்பது மோட்டர்களை முதலில் நிறுத்தி, அதற்குப் பிறகே மூடியைத் திறக்கும் சேர்வோ, அதாவது சொன்ன அளவுக்கு மட்டும் திரும்பும் சின்ன மோட்டர். சுற்றுகிற சிறகில் ஒரு நூல் பட்டாலும் முடிந்தது. அந்த இரண்டும் முறை மாறாமல் வேலை செய்யும்வரை அரிசிப் பைதான் பயணி.