முதலில் மண்வெட்டி: வன்னி மாரிகால நாட்குறிப்பு

ஒக்டோபர் 27

மழை இரண்டாம் நாள். மாங்குளம்–முல்லைத்தீவு வீதி தார் வீதி, அதில் பேச ஒன்றுமில்லை. அதிலிருந்து வயலுக்கும் குளக்கட்டுக்கும் இறங்குகிற கிறவல் ஒழுங்கைகள்தான் இனித் தை வரைக்கும் தொல்லை.

முதல் மழைக்கு மேல்மண் மட்டும் ஊறும், அடி காய்ந்தபடியே கிடக்கும். சில்லு வழுக்குமே தவிரப் புதையாது. அடிமண்ணும் குடித்து நிறைந்த பிறகுதான் வாகனங்கள் இறங்கத் தொடங்கும். மேட்டுக் காட்டின் செம்மண் வெயில் பட்டால் சீக்கிரம் இறுகிவிடும். பள்ளத்து வயல்மண் களி, மேலே புல் பச்சையாய் நின்றாலும் கீழே கூழ். முல்லைத்தீவுக் கடற்கரை மணல் இதற்கு நேர்மாறு: நனைந்தால் தாங்கும், காய்ந்தால் விழுங்கும்.

நவம்பர் 3

பழைய ஹைலக்ஸ், பஜேரோ வைத்திருப்பவர்களுக்கு. முன்சில்லின் நடுவில் கையால் திருப்புகிற குமிழ் இருந்தால், அதில் ‘ஃப்ரீ’, ‘லொக்’ என்று இரண்டு நிலை. உள்ளே லீவரை நாலு சில்லுக்கு மாற்றியிருந்தாலும் குமிழ் ஃப்ரீயில் நின்றால் முன்சில்லுக்கு இழுவை போகாது. சேற்றில் நிற்கிற வாகனத்துக்கு உதவப் போனால் கயிற்றை எடுக்க முன் இதைப் பாருங்கள். இரண்டு பக்கமும் லொக்கில் இருக்கவேண்டும். சிலவேளை வேலை அத்தோடு முடிந்துவிடும்.

கோடை முழுக்கத் தொடாத குமிழ் இறுகிப்போயிருக்கும். அதைச் சேற்றுக்குள் நின்று குறடு போட்டுத் திருகினால் உடையும். மாரிக்கு முன் முற்றத்தில் வைத்துத் திருப்பிப் பார்த்து, தேவையென்றால் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். அப்பி வைத்தால் அதுவே பிறகு இறுகும்.

தாருக்கு ஏறியதும் இரண்டு சில்லுக்கு மாற்றிவிடவேண்டும். வளைவில் முன்சில்லும் பின்சில்லும் ஓடும் தூரம் ஒன்றல்ல. மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கிக் கழியும், தாரில் கழியாமல் பல்லுகளில் முறுக்கேறும். லீவர் வர மறுத்தால் அடிக்காதீர்கள், நேராக ரிவேர்ஸில் சில மீற்றர் எடுத்தால் முறுக்கு விடும்.

நவம்பர் 9

வாகனம் புதைந்ததும் சுற்றி நிற்கிறவர்கள் சொல்வது ஒன்றே: “குடு தம்பி, குடு!” கேட்காதீர்கள். சில்லு ஒவ்வொரு சுற்றிலும் தன் குழியைத் தானே தோண்டும். கடைசியில் டிபரன்சலும் (அச்சின் நடுவில் தொங்குகிற பல்லுப்பெட்டி) சேசியும் (வண்டியின் அடிச்சட்டம்) மண்ணில் குந்திவிட, நாலு சில்லும் சுமையில்லாமல் சுழலும். பத்து நிமிட வேலையை இரண்டு மணித்தியால வேலையாக்குவது அந்த அரை நிமிட மிதிதான்.

இறங்கி, பின் டிபரன்சலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். விரல் போகாவிட்டால் வாகனம் குந்திவிட்டது. அப்போது இழுப்பது மண்ணையும் சேர்த்து இழுப்பதுதான். களி சேசியைச் சப்பிப் பிடித்திருக்கும். முதலில் டிபரன்சலைச் சுற்றி வெட்டித் தண்ணீரும் காற்றும் போக வழி விடவேண்டும். பிறகு போகப்போகிற பக்கமாக ஒவ்வொரு சில்லுக்கும் சரிவாக ஒரு வாய்க்கால். பெரும்பாலும் வந்த வழியே பின்னால் எடுப்பதுதான் நல்லது, அந்தத் தடம் வாகனத்தை ஏற்கெனவே தாங்கிய மண்.

ஜக்கை வெறும் சேற்றில் வைத்தால் வாகனம் உயராது, ஜக்குத்தான் கீழே போகும். இரண்டு அங்குலத் தடிப்பு, ஒரு அடிச் சதுரப் பலகை ஒன்று எப்போதும் வண்டியில் கிடக்கட்டும். சில்லு உயர்ந்ததும் குழிக்குள் உடைந்த ஓடு, கிறவல், இல்லாவிட்டால் காட்டுத்தடி. தடியைச் சில்லுக்குக் குறுக்காக அடுக்கவேண்டும், நீளவாக்கில் போட்டால் உருண்டு ஓடும். வெறும் உரப்பையைப் போட்டால் சில்லு பிடுங்கி எறியும், பாதிக்குக் கிறவல் நிரப்பிக் கட்டினால் நிற்கும். பனைமட்டை மிக நன்று. கருக்கைச் சீவிவிட்டுப் போடுங்கள். அது ரயருக்காக இல்லை, உங்கள் கைக்கு.

ஜக்கில் நிற்கிற வாகனத்துக்கு அடியில் தலையோ காலோ போகக்கூடாது. எடுக்கும்போது சில்லின் நேருக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, தடி துப்பாக்கிச்சூடு மாதிரிப் பறக்கும். லோ கியரில் (நாலு சில்லு லீவரின் மெது நிலை) இரண்டாவது கியர் போதும். முதலாவது அவசரப்பட்டுச் சுழற்றும்.

நவம்பர் 10

நேற்று விட்டது: காற்று. தாரில் 35 பி.எஸ்.ஐ. ஓடுகிற ரயரைச் சேற்றுக்கு 22 அளவில், மணலுக்கு 16–18 அளவில் இறக்கலாம். ரயர் நீளவாக்கில் படிந்து மிதிக்கும் இடம் கூடும், சுமை பரவும். 15க்குக் கீழே போனால் திருப்பத்தில் ரயர் விளிம்பிலிருந்து கழன்றுவிடும். இறக்கிய காற்றோடு 30 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் வேண்டாம், பக்கச் சுவர் சூடாகி வெடிக்கும். 12 வோல்ற் பம்பைப் பற்றரியில் நேரே கொளுவி, இயந்திரம் ஓடியபடி அடியுங்கள்.

நவம்பர் 17

வன்னியில் வின்ச் (வடம் சுற்றி இழுக்கிற உருளை) பூட்டிய வாகனத்தை விட ரக்ரர் கிட்ட இருக்கும். நல்ல உதவிதான், ஆனால் ஒரு பிழை ஆளைக் கொல்லும். சங்கிலியைப் பின்னால் கீழே இருக்கிற இழுவைத் தண்டில் மட்டுமே கொளுவவேண்டும். மேலே கலப்பை பூட்டுகிற இடத்தில் கொளுவினால், இழுவை பின் அச்சுக்கு மேலாகப் பிடிக்க முன்சில்லு எழும்பும். ரக்ரர் மல்லாக்கப் புரள்வதற்கு ஒரு விநாடி சொச்சம், கிளச்சை மிதிக்கக் கால் போகாது.

சங்கிலியும் கம்பி வடமும் நீளாதவை. முதலில் தொய்வை மெதுவாக எடுத்து, இறுகிய பிறகுதான் இழுவை. ஓடிவந்து சுண்டி இழுப்பதற்கு அவை வேண்டாம். சுண்டுவதற்கென்றே நீளுகிற நைலோன் பட்டி இருக்கிறது: 9 மீற்றர் நீளம், ஹைலக்ஸ் அளவுக்கு 8 தொன். அதற்கு மட்டும் இரண்டு மீற்றர் தொய்வு விடலாம்.

எங்கே கொளுவுவது? சேசியில் போல்ற் போட்டு இறுக்கிய கொளுக்கியில். பின்னால் இழுவைப் பெட்டி கொளுவுகிற இரும்பு உருண்டையில் ஒருபோதும் வேண்டாம். அது முறிந்தால் குண்டாகப் பறந்து கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும், வேறு நாடுகளில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். யப்பானிலிருந்து வந்த வாகனங்களின் அடியில் தெரியும் மெல்லிய வளையங்கள் கப்பலில் கட்டி வைப்பதற்கு. சுண்டு இழுவைக்கு அவை தாங்கா.

கயிற்றின் நடுவில் நனைந்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், அறுந்தால் கீழே விழுத்தும். கயிறு எவ்வளவு நீளமோ அதன் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு ஆட்களை விலக்குங்கள். இழுக்கச் சொல்வது ஒரே ஒருவர். ஐந்து பேர் கத்தினால் ஓட்டுபவருக்கு ‘நிப்பாட்டு’ மட்டும் கேட்காது.

நவம்பர் 18

சேற்றுக் குழியை விலத்திப் பக்கத்துப் பற்றைக்குள் இறக்குவது எந்த ஊரிலும் வழமை. இங்கே தடம் விட்டு விலகுமுன் யோசிக்கவேண்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை தெரிந்தால் தடி வெட்டக்கூட உள்ளே போகாதீர்கள். வெள்ளம் மண்ணை அரிக்கும்போது கிடந்தது இடம் மாறும். அப்படியான பகுதியில் வந்த தடத்திலேயே திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை.

நவம்பர் 24

வானம் வெளித்திருக்கிறது என்று ஆற்றுக்குள் இறக்காதீர்கள். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து இரணைமடுவில் விழுகிறது, அங்கே பெய்த மழை இங்கே பிந்தித்தான் வரும். குளம் நிரம்பி வான் பாய்ந்தாலோ கதவு திறந்தாலோ கீழ்ப்பக்கத் தாம்போதிகள் (ஆற்றைக் கடக்கிற தாழ்ந்த பாதைகள்) மூழ்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கண்டது அதைத்தான்.

ஓடுகிற தண்ணீரில் ஒரு அடி சிறிய காரைத் தூக்கும், இரண்டு அடி பெரும்பாலான வாகனங்களைக் கொண்டுபோகும். நிற்கிற தண்ணீரென்றால் தடியோடு நடந்து பாருங்கள். ஆழம் மட்டுமில்லை, அடி இறுகியதா, குழி உண்டா என்பதும். முதலை கிடக்கிற குளங்களின் ஓரத்தில் அந்த நடையும் வேண்டாம், திரும்புங்கள்.

இறங்குவதானால் லோ கியர், நடை வேகம், முன்னால் சின்ன அலை ஒன்று தள்ளிக்கொண்டு போகிற அளவு. நடுவில் கியர் மாற்றாதீர்கள்.

இயந்திரம் தண்ணீருக்குள் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவேண்டாம். காற்று வழியால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அது நசுங்காது, பிஸ்டனைத் தாங்குகிற கொனெக்ரிங் றொட்தான் வளையும். வெளியே இழுத்து, டீசலென்றால் ஹீற்றர் பிளக், பெற்றோலென்றால் ஸ்பார்க் பிளக் எல்லாம் கழற்றி, அதன் பிறகே ஸ்ராட்டரைச் சுற்றித் தண்ணீரை வெளியே தள்ளவேண்டும். முகத்தை அந்தத் துளைகளுக்கு நேரே வைக்காதீர்கள்.

நவம்பர் 25

தண்ணீர் தாண்டிய மறுநாள் டிபரன்சல் ஒயிலைப் பாருங்கள். சூடான டிபரன்சல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாயாலும் சீலாலும் தண்ணீரை உறிஞ்சும். அடியிலுள்ள நட்டை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் வரும், ஒயிலை விடப் பாரம் கூடியது. ஒயில் பால்தேத்தண்ணி நிறமென்றால் முழுவதும் மாற்றவேண்டும். மூச்சுக்குழாயில் ஒரு றப்பர் குழாய் போட்டு பொனற் உயரத்துக்குக் கொண்டுவந்து கட்டினால் அடுத்த மாரிக்கு இந்தச் செலவு இல்லை.

பிரேக் ட்ரம்மைக் கழற்றிச் சேற்றைக் கழுவுங்கள். ரேடியேற்றரை உட்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரிக் கழுவவேண்டும். முன்னாலிருந்து பீச்சினால் களி இன்னும் உள்ளே ஏறும். நைலோன் பட்டியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். மணல் உள்ளே கிடந்தால் அடுத்த இழுவையில் நூலை நூலாக அறுக்கும்.