அவன் குணம்தான் காரணமாம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் என் சித்தி மகனை இரண்டு பேர் அடித்துப் போட்டு ஐந்து மாதமாகிறது. அவன் ஆண்களை விரும்புகிறவன், அவ்வளவுதான் காரணம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் டீயைக் குடித்துக்கொண்டே, "அடங்கி இருக்க மாட்டான், எங்கே போனாலும் கலகலன்னு பேசுவான், அதான்" என்றார்கள். அடித்தவர்களின் குணத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அவன் பேசுவதே இல்லை. காவடிக்குக்கூட வரவில்லை. வாசலில் கார் நின்றால் சன்னலோரம் போய் எட்டிப் பார்க்கிறான். உடனே 'பயந்த சுபாவம்' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். சுபாவமா அது? காயம்!

கலிபோர்னியாவில் ஹெரெக் என்ற உளவியலாளரின் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். வெறுப்பால் தாக்கப்பட்ட தன்பால் ஈர்ப்பாளர்களுக்கு, வேறு காரணத்துக்காகத் தாக்கப்பட்ட தன்பால் ஈர்ப்பாளர்களைவிட மனச்சோர்வும் பதற்றமும் கோபமும் அதிகமாம். மனிதர்கள் நல்லவர்கள் என்ற நம்பிக்கையும் குறைந்துபோகிறதாம்.

1996 அரசியலமைப்பிலேயே இவர்களுக்குச் சம உரிமை எழுதிவைத்த நாடு நம்முடையது. வெறுப்புக் குற்றச் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2024இல். சித்தி வீட்டுக் கூடத்துக்கு இரண்டும் இன்னும் வந்து சேரவில்லை.

நேற்று அவனே கேட்டான்: "அண்ணே, கடற்கரைக்குப் போலாமா? கூட்டம் இல்லாத நேரமா."

நாளை விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.