ஓஎஸ் ஏற்றும் முன் ரெய்டு 1: பாளையங்கோட்டை மாடி அறையில் செய்து பார்த்தது

ரெய்டு 1 என்றால் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்கிலும் எழுதுவது, ஒன்று செத்தாலும் மற்றது ஓடும். சாமான்கள்: டெல் பவர்எட்ஜ் டி320 டவர் சர்வர், அதில் பெர்க் எச்710 ரெய்டு கார்டு (கேஷ், அதாவது கார்டின் தற்காலிக நினைவகம், 512 எம்பி), சர்வருக்கான 2 டிபி எஸ்ஏஎஸ் டிஸ்க் இரண்டு. எல்லாம் இரண்டாம் கை. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்கும் சாட்டா டிஸ்கும் இதில் ஓடும். ஆனால் ஒரு செக்டர் கெட்டால் அது திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டே நிற்கும். கார்டு அவ்வளவு நேரம் காத்திருக்காது, டிஸ்கே செத்துவிட்டதென்று ஒதுக்கிவிடும்.

ஆன் செய்ததும் கார்டின் மெனுவுக்குப் போக கன்ட்ரோல்+ஆர் அழுத்தச் சொல்லும் வரி வரவில்லை. பூட் முறை பழைய பயாஸில் இல்லாமல், புதிய முறையான யுஇஎஃப்ஐயில் இருந்ததுதான் காரணம். அப்போது எஃப்2 அழுத்தி, சிஸ்டம் செட்டப்பில் டிவைஸ் செட்டிங்ஸுக்குள் போனால் கார்டின் மெனு கிடைக்கும். இதற்காக பூட் முறையை மாற்ற வேண்டாம்.

டிஸ்க் இரண்டும் ‘ஃபாரின்’ என்று காட்டின. முன்பு இருந்த சர்வரின் ரெய்டு குறிப்பு அவற்றில் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். இம்போர்ட் கொடுத்தால் அந்தப் பழைய அரைகுறை ரெய்டு உயிர்பெறும். அந்தக் குறிப்பை அழிக்கும் கிளியர்தான் சரி. பிறகு புதிய விர்ச்சுவல் டிஸ்க் (இரண்டும் சேர்ந்து ஓஎஸ்ஸுக்கு ஒரே டிஸ்காகத் தெரிவது), ரெய்டு 1, இரண்டையும் டிக் செய்தால் சுமார் 1,862 ஜிபி வரும். தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், கார்டு 1024ஆல் வகுக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை. ஸ்ட்ரைப் (கார்டு டேட்டாவைப் பிரிக்கும் துண்டின் அளவு) 64 கேபி, அதைத் தொடவில்லை.

ரைட் பாலிசியில்தான் யோசிக்க வேண்டும். ரைட் பேக் என்றால் எழுத வேண்டியது முதலில் கேஷில் விழும், டிஸ்குக்குப் பிறகு போகும். கரண்ட் போனால் அந்தக் கேஷைக் காப்பது கார்டில் இருக்கும் சின்ன பேட்டரி. வயதான பேட்டரி சார்ஜ் பிடிக்காவிட்டால் கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு (டிஸ்கில் எழுதி முடித்த பிறகே ‘முடிந்தது’ என்று சொல்வது) மாறிவிடும், எழுதும் வேகம் படுத்துவிடும். பேட்டரி இல்லாவிட்டாலும் ரைட் பேக்கிலேயே ஓட வைக்கும் ‘ஃபோர்ஸ் ரைட் பேக்’ என்றொரு வழி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி இடித்தாலே கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் அதைப் போடுவது வம்பை விலைக்கு வாங்குவது.

ஃபாஸ்ட் இனிஷியலைஸ் சில நொடியில் முடிந்தது. அது டிஸ்கை முழுக்கத் துடைப்பதில்லை. ஐந்து நிமிடத்துக்குள், இரண்டு டிஸ்கையும் ஒன்றுபோல் ஆக்கும் இனிஷியலைஸ் பின்னணியில் தானே தொடங்கிவிடும். அது ஓடும்போதே ஓஎஸ் போடலாம். டெபியன் லினக்ஸ் இன்ஸ்டாலரில் ஒரே டிஸ்க்தான் தெரிந்தது, அப்படித்தான் தெரிய வேண்டும். விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்காமல் இன்ஸ்டாலரைத் திறந்தால் இந்தக் கார்டில் ஒரு டிஸ்க்கூடத் தெரியாது. பலர் அங்கே டிரைவரைத் தேடி அலைகிறார்கள். டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது.

டேட்டா ஏதும் ஏற்றும் முன் ஒரு சோதனை. முதலில் இரண்டு ட்ரேயிலும் பேப்பர் டேப் ஒட்டி ஸ்லாட் எண், சீரியல் எண் எழுதியாயிற்று (ஸ்லாட் எண் 0வில் தொடங்கும், 1 என்று நினைத்து நல்ல டிஸ்கை உருவிவிடக் கூடாது). பின்னணி வேலை முடிந்ததா என்று பார்த்துவிட்டு, மெஷின் ஓடும்போதே 0வை உருவினால் நிலை ‘டிகிரேடட்’ (ஒரு டிஸ்க் குறைவு) ஆகும், ஓஎஸ் நிற்காது. அரை நிமிடம் கழித்துச் செருகினால் ரீபில்ட், அதாவது மற்ற டிஸ்கிலிருந்து நகலெடுப்பது, தொடங்கும். தொடங்காமல் ‘ஃபாரின்’ என்று காட்டினால், அந்த டிஸ்கை கிளியர் செய்து ஹாட் ஸ்பேர் (காலி இடத்தைத் தானே நிரப்பும் மாற்று டிஸ்க்) ஆக்கினால் போதும். நொடிக்கு 140 எம்பி என்று வைத்தாலும் 2 டிபிக்கு நாலு மணி நேரம். அது முடியும் முன் 1ஐ உருவினால் ரெய்டே காலி. முடிந்த பிறகு 1ஐ உருவி, 0வை மட்டும் வைத்து ரீபூட் செய்தும் பார்க்க வேண்டும்.

இது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த ஃபைல் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் அழியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த கடைகளில், பெட்டிக்குள் ஒரு டிஸ்க் இருந்தாலென்ன, இரண்டு இருந்தாலென்ன? மாடி அறை அதற்காகத்தான். தினமும் ராத்திரி ஒரு யுஎஸ்பி டிஸ்குக்கு நகல் போகிறது, அது வேறு வீட்டில் இருக்கிறது.

புதிய பேட்டரி வரும்வரை ரைட் த்ரூ.