கடையிலிருந்து வந்த மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய்: முதல் இரண்டு வாரம்

மீனின் மேல் இருந்த வெள்ளைப் புள்ளிகள் உதிர்ந்துவிட்டால் நோய் போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மருந்தை நிறுத்துவதும் அன்றைக்குத்தான். ஆனால் புள்ளி உதிர்ந்தது என்றால் ஒட்டுண்ணி வளர்ந்து முடித்து, மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் பெருகப் போகிறது என்று பொருள். நாலைந்து நாளில் முன்பைவிடப் பல மடங்கு புள்ளிகளோடு அது திரும்பி வரும். செவுள் முழுக்க ஒட்டிக்கொண்ட அந்த இரண்டாவது சுற்றைத்தான் மீன் தாங்குவதில்லை.

சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகளில் நேரில் போய்ப் பார்த்து வாங்கிய மீனாக இருந்தாலும் சரி, பஸ் பார்சலில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீனாக இருந்தாலும் சரி, புது மீனுக்கு முதலில் வரும் நோய் பெரும்பாலும் இதுதான். பண்ணைத் தொட்டி, மொத்தக் கடை, சில்லறைக் கடை, பிளாஸ்டிக் பை என்று சில நாட்களுக்குள் நாலு தண்ணீர் மாறி வருகிறது. உடம்பு தளர்ந்திருக்கும் அந்த நேரம் ஒட்டுண்ணிக்குப் போதும். சென்னையில் மார்கழி, தை மாதங்களில் இது கூடுதலாகத் தெரியும். பகலுக்கும் இரவுக்கும் நடுவே தொட்டித் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி ஏறி இறங்குவதுதான் காரணம்.

ஆனால் புது மீன் ஒதுங்கி நின்றாலே நோய் என்று முடிவு கட்டக் கூடாது. மருந்தைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைப் பாருங்கள். மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் வைத்திருப்பது நல்லது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் முதல் சந்தேகம் இந்த இரண்டின் மீதும், குளோரின் மீதும்தான் போக வேண்டும். அப்போது முதல் வைத்தியம், அதே வெப்பத்தில் குளோரின் நீக்கிய தண்ணீரைக் கொண்டு பாதியை மாற்றுவது. கடைகளில் ஆன்டி-குளோரின் என்று விற்கும் வெள்ளைக் கற்கள் சோடியம் தயோசல்பேட், அதாவது ஹைப்போ. குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 35 லிட்டருக்கு அரை கிராம் ஹைப்போ போதும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டிடிஎஸ் பேனா இருந்தால் பைத் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் ஒருமுறை அளந்து பாருங்கள். போர்வெல் தண்ணீரில் 1000 வரை பழகிய மோலியைக் கொண்டுவந்து, வீட்டு ஆர்ஓ மெஷினிலிருந்து பிடித்த 40 டிடிஎஸ் தண்ணீரில் விட்டால், அது ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும். இதை நோய் என்று நினைத்து மெத்திலீன் ப்ளூ என்ற நீல மருந்து ஊற்றுபவர்கள் நிறைய பேர். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீர் மீன்கள். அவற்றுக்கு வேண்டியது தாது உப்புகள் உள்ள தண்ணீர், மருந்து அல்ல.

நீண்ட நேரம் பையில் வந்த மீனைப் பற்றி இன்னொரு விஷயம். மூடிய பையில் மீன் விடும் கரியமிலவாயு தண்ணீரின் பிஹெச் (அமில-கார) அளவைக் கீழே இறக்கிவிடும். அந்த நிலையில் சேர்ந்திருக்கும் அம்மோனியாவால் பெரிய கேடு இல்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அதே அம்மோனியா அப்போது விஷமாகும். அதனால் பார்சல் மீனைத் திறந்த பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவது ஆபத்து. பையைக் கட்டவிழ்க்காமல் 15, 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பிறகு திறந்து, வலையில் வடித்து மீனை மட்டும் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்று தீனி வேண்டாம்.

தண்ணீர் சரியாக இருந்தும் மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்கிறது, துடுப்பை மடக்கி வைத்திருக்கிறது, உடம்பில் ரவை ஒட்டியதுபோல் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் சிறியது என்றால், அது வெள்ளைப் புள்ளி நோய்தான். ஆங்கிலத்தில் இச் என்பார்கள். இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி இதற்குக் காரணம். புள்ளிக்குள் இருக்கும்போது அது மீனின் மேல்தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. எந்த மருந்தும் அங்கே எட்டாது. வளர்ந்து இறங்கி அடியில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. அந்த ஓட்டையும் மருந்து ஊடுருவாது. குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் ஒன்றிரண்டு நாள்தான் நாம் அதைக் கொல்லக் கூடிய நேரம். எல்லாப் புள்ளிகளும் ஒரே நாளில் இறங்குவதில்லை என்பதால் மருந்து, இந்த முறையில் அது சாதாரண உப்பு, இடைவிடாமல் தண்ணீரில் இருந்தாக வேண்டும்.

இந்தச் சுழற்சி 24–26 டிகிரியில் நான்கு முதல் ஏழு நாளில் முடியும். 10 டிகிரியில் பல வாரம் இழுக்கும். ஊட்டியில் ஹீட்டர் இல்லாத கோல்ட்ஃபிஷ் தொட்டிக்கும் சென்னைத் தொட்டிக்கும் ஒரே நாள் கணக்கு பொருந்தாது. சூடு கூட்டுவதன் நோக்கமும் இதுதான்: சுழற்சியை வேகமாக ஓட்டி, குஞ்சுகளை உப்பிடம் சீக்கிரம் கொண்டுவருவது. 30 டிகிரியில் பெரும்பாலும் அது பெருகுவதையே நிறுத்திவிடும். ஆனால் சூட்டைத் தாங்கும் வகைகளும் உண்டு, வெப்பத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வைத்தியத்துக்குத் தனித் தொட்டி வேண்டும். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் 35 லிட்டர் வரும். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்பது கணக்கு. மணல், கல், செடி எதுவும் வேண்டாம். ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், 50 வாட் ஹீட்டர், ஹீட்டரோடு சேராத தனித் தெர்மோமீட்டர். விலை குறைந்த ஹீட்டர்கள் அணையாமல் மாட்டிக்கொள்வது உண்டு, அதன் மேல் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து நம்பக் கூடாது. ஸ்பாஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் சில வாரம் ஓடவிட்டு வைத்திருந்தால் நல்ல பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். புது ஸ்பாஞ்ச் என்றால் அம்மோனியாவைத் தினமும் அளந்து, தண்ணீர் மாற்றியே சமாளிக்க வேண்டும்.

உப்புக்குச் சமையலறைக் கல் உப்பு போதும். கடையில் சின்னப் பொட்டலத்தில் மீன் உப்பு என்று விற்பதற்கும் இதற்கும் வைத்தியத்தில் வேறுபாடு இல்லை. லிட்டருக்கு 3 கிராம், 35 லிட்டருக்கு 105 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், கல் உப்பின் அளவு கரண்டிக்குக் கரண்டி மாறும், தராசில் நிறுங்கள். 35 கிராமாக மூன்று பங்கு வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில் முழுதும் கரைத்து, 12 மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள். கரையாத கல் மீன் மேல் பட்டால் தோல் வெந்துபோகும். அதே நேரத்தில் வெப்பத்தை 26லிருந்து 30 வரை ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு ஏற்றுங்கள்.

சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30ல் 7.6தான். செவுள் ஏற்கெனவே புண்பட்ட மீனுக்கு இந்தக் குறைவு பெரிது. ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், மின்வெட்டு வரும் வீட்டில் அதை இன்வர்ட்டர் லைனில் போடுங்கள்.

தினமும் அடியை ட்யூப் வைத்து உறிஞ்சி 10 லிட்டர் எடுத்துவிடுங்கள். இறங்கிய ஒட்டுண்ணிகளில் பெரும் பகுதி அதோடு போய்விடும். புதிதாக ஊற்றும் 10 லிட்டரில் 30 கிராம் உப்பு கரைந்திருக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு மட்டும் வெறும் தண்ணீர் விடுங்கள், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே இருக்கிறது. இங்கே பலருடைய கணக்கு தவறிவிடுகிறது. தண்ணீர் எடுக்கும் முன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். நீருக்கு வெளியே சூடாகிய கண்ணாடி, திரும்ப நீர் பட்டால் விரிசல் விடும்.

முதல் மூன்று நாளில் புள்ளி கூடலாம். ஏற்கெனவே தோலுக்குள் இருந்தவை பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். பயந்துபோய் இன்னொரு மருந்தை மேலே ஊற்ற வேண்டாம். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் முழுதாக ஒரு வாரம் உப்பும் சூடும் அப்படியே இருக்க வேண்டும். மொத்தத்தில் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும்.

கோரிடோராஸ், குஹ்லி லோச் போன்ற அடித்தள மீன்களுக்கு இந்த உப்பு அதிகம். மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளும் செதில் இல்லாத மீன்களைக் கடுமையாகத் தாக்கும். லேபிள் இல்லாத பச்சை நீலப் புட்டிகளை எந்த மீனுக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அளவு தெரியாத மருந்து மருந்தே இல்லை. இந்த மீன்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் டப்பா முறை நல்லது. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனைச் சுத்தமான டப்பாவுக்கு மாற்றி, காலியானதைக் கழுவி வெயிலில் முழுதும் காய வையுங்கள். இறங்கிய ஒட்டுண்ணி பழைய டப்பாவிலேயே செத்துப்போகும். ஒரு வாரம் விடாமல் செய்தால் மருந்தில்லாமலே ஒழியும். இரண்டு டப்பாவிலும் வெப்பம் ஒன்றாக இருப்பது முக்கியம்.

மெத்திலீன் ப்ளூவைப் பலர் எல்லா நோய்க்கும் போடுகிறார்கள். பூஞ்சைக்கும் நைட்ரைட் விஷத்துக்கும் அது உதவும். வெள்ளைப் புள்ளிக்கு அது முதல் தேர்வு அல்ல, ஸ்பாஞ்சில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

சூடு ஏற்றும் முன் ஒன்றை மட்டும் நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். வாயோரத்தில் பஞ்சுபோல் வெளுப்பு, முதுகுத் துடுப்பைச் சுற்றிச் சாம்பல் நிறத் திட்டு, கரைந்துபோகும் வால் என்று இருந்தால் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோய். வெப்பம் ஏற ஏற அது வேகமெடுக்கும். 30 டிகிரியில் ஓரிரு நாளில் முடித்துவிடும். அதற்கு ஹீட்டரை அணைத்துவிட்டு ஆன்டிபயாடிக் பக்கம் போக வேண்டும், அதுவும் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரைக் கேட்டு. டெட்ராசைக்ளின் கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டுவது நம் ஊரில் வழக்கம். போர்வெல் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அதைப் பிடித்துக்கொள்வதால் மீனுக்குப் பலன் மிகக் குறைவு. உடம்பெங்கும் பொன்தூள் தூவியதுபோல் இருந்தால், இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தெரியும், அது வெல்வெட் என்ற இன்னொரு ஒட்டுண்ணி நோய். அந்த உயிரி ஒளியிலும் உணவு தயாரிப்பது என்பதால் வைத்தியத்தோடு தொட்டியைத் துணி போட்டு மூடியும் வைக்க வேண்டும்.

புது மீனை நேராகப் பெரிய தொட்டியில் விட்டு அங்கே புள்ளி வந்திருந்தால், அந்தத் தொட்டி மீன்கள் அனைத்துக்கும் வைத்தியம் செய்தாக வேண்டும், புள்ளி தெரியாதவை உட்பட. எல்லாவற்றையும் வைத்தியத் தொட்டிக்கு மாற்ற இடமிருந்தால், செடி உள்ள பெரிய தொட்டியை 28 டிகிரியில் இரண்டு வாரம் மீனில்லாமல் ஓடவிடுங்கள். மீன் கிடைக்காத குஞ்சுகள் இறந்துவிடும், செடிக்கும் நத்தைக்கும் உப்புத் தொல்லை இல்லை.

முடிந்ததும் உப்பை ஒரே நாளில் எடுக்காதீர்கள். தினமும் கால் பங்கு வெறும் தண்ணீராக மாற்றி நாலைந்து நாளில் இறக்குங்கள், வெப்பத்தையும் அதோடு குறையுங்கள். அதன் பிறகு இன்னும் ஒரு வாரம் மீன் அங்கேயே இருக்கட்டும். வலை, ட்யூப், வாளி மூன்றையும் வைத்தியத் தொட்டிக்கென்று தனியாக வையுங்கள்; ஒரே வலைதான் இருக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகே அது பெரிய தொட்டிக்குள் போகலாம்.