அரை மணி நேரத்தில் காணாமல் போகும் கூத்து

"ஏம்மா, கர்ணன் மூணாவது சிடி பாத்து முடிச்சேன். நாலாவதைப் போடலாம்னு பாத்தா ஒண்ணையும் காணோம்."

போன தை மாதம் முழுக்க வாரத்துக்கு நாலு நாளாவது அப்பா என்னிடம் இதைச் சொன்னார். அவருடைய பழைய கூத்து சிடிகளைக் கோப்பாக்கி, வீட்டுச் சர்வர் ஒன்றிலிருந்து, அதாவது வீடியோக்களை வைத்திருந்து டிவிகளுக்குக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரிலிருந்து, டிவியில் ஓடும்படி வைத்திருந்தேன். பால் சொசைட்டியில் சாயங்காலக் கணக்கை முடித்துவிட்டு நான் வீட்டுக்கு வரும் நேரம் அது. டிவியை அணைத்து மறுபடி போடுவேன். எல்லாம் இருக்கும். "நீ போட்டா வருது, நான் போட்டா வரமாட்டேங்குது" என்பார். எழுபத்து நாலு வயது ஆள், தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்து ரிமோட்டைத் தொடவே தயங்க ஆரம்பித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று காட்ட வேண்டும் என்றுதான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அப்பா நாற்பது வருஷம் தெருக்கூத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். மாரண்டஅள்ளி, காரிமங்கலம், பாப்பாரப்பட்டி என்று பங்குனியில் கிளம்பினால் வைகாசி முடியும்வரை ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில்தான் இருப்பார். அந்த நாளில் வீடியோக்காரர் ஒருவர் ராத்திரி முழுக்கப் படம் பிடித்து, ஒரு ராத்திரிக் கூத்தை ஏழெட்டு விசிடியாகப் போட்டுக் கொடுப்பார். 2003 முதல் 2008 வரை சேர்ந்தது ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தது. விசிடி பிளேயர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அப்பாவுக்கு இப்போது முட்டி வலி, ராத்திரி கண் விழித்துக் கூத்துப் பார்க்கப் போக முடிவதில்லை. பெட்டியில் கிடக்கும் கூத்தை டிவிக்குக் கொண்டுவரலாம் என்று நான் இறங்கினேன்.

சிடியிலிருந்து எடுத்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசிடியைத் திறந்தால் எம்பெக்ஏவி என்ற போல்டரில் டாட் (.dat) என்று முடியும் பெரிய கோப்பு ஒன்று இருக்கும். படம் 352க்கு 288 புள்ளிதான், எம்பெக் 1 வகை. அதை அப்படியே சர்வரில் போட்டால் டாட் கோப்பைச் சர்வர் கணக்கிலேயே எடுக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் நிரலை வைத்து எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கினேன். பெயர் வைக்கும்போது 1, 2 என்று வைக்காமல் 01, 02 என்று வையுங்கள். இல்லாவிட்டால் சில டிவிகளில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும், போர் முடிந்த பிறகு தூது நடக்கும். கீறல் விழுந்து படிக்க முடியாதவை போக 63 தேறின.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் போதாதா என்று தம்பி கேட்டான். கீழ் வீட்டில் அப்பா டிவி ஒன்று, மாடியில் தம்பி வீட்டு டிவி ஒன்று. பேரப்பிள்ளைகள் மாடியிலிருந்து தாத்தா வாசிப்பதைப் பார்க்க வேண்டும் என்பதும் என் ஆசை. அதனால் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று, ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், பையில் மினிடிஎல்என்ஏ என்ற சர்வர் நிரல். வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் வீடியோவை டிவி தானே கண்டுபிடித்து ஓட்டும் டிஎல்என்ஏ என்ற முறையில் அது வேலை செய்கிறது. டிஎல்என்ஏ முறையை உருவாக்கிய கூட்டமைப்பு 2003இல் தொடங்கி 2017இல் கலைந்துவிட்டது. ஆனால் அந்த முறை இன்னும் பல டிவிகளில் இருக்கிறது. அப்பாவின் டிவி பழசு, புது ஆப் எதுவும் ஏறாது. அதற்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரிந்து இல்லை.

முதல் நாளே மாடி டிவியில் சர்வர் தெரியவில்லை. கீழே நன்றாக ஓடுகிறது, மாடியில் பெயரே வரவில்லை. மாடியில் யூடியூப் ஓடுவதால் நெட்வொர்க்கில் குறை இல்லை என்று எல்லோரும் நினைத்தோம். குறை அங்கேதான் இருந்தது. கீழே ஃபைபர் பெட்டி 192.168.1 வரிசையில் எண் கொடுக்கிறது. மாடியில் தம்பி தனியாக ஒரு ரூட்டர் வாங்கி, அதன் வேன் (WAN) துளையில், அதாவது வெளி இன்டர்நெட்டுக்கான துளையில், ஒயரைச் செருகியிருந்தான். அது தன் பங்குக்கு 192.168.0 வரிசையில் எண் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊர்.

சர்வர் தன்னை டிவிக்குத் தெரிவிப்பது தண்டோரா மாதிரி. ஒவ்வொரு டிவியையும் தேடிப் போய்ச் சொல்லாது. 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900 என்ற போர்ட்டில், "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்கும். யார் காதில் விழுகிறதோ அவர்கள் குறித்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தண்டோரா பக்கத்து ஊருக்குக் கேட்காது. இதுவும் வீட்டு ரூட்டரைத் தாண்டாது. யூடியூப்புக்குத் தண்டோரா தேவையில்லை, அதனால் அது ஓடியது. மாடி ரூட்டரை, தானாக எண் கொடுக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றியதும் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்தது. அந்த வசதி இல்லாத ரூட்டரில் டிஎச்சிபியை (எண் கொடுக்கும் வேலையை) நிறுத்திவிட்டு, ரூட்டரின் எண்ணைக் கீழ்ப் பெட்டியோடு மோதாதபடி வைத்து, ஒயரை லேன் (LAN) துளைக்கு, அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளைக்கு, மாற்ற வேண்டும். பத்து நிமிஷ வேலை.

இங்கே ஒரு சோதனை ரொம்ப உதவியது. மொபைலில் விஎல்சி என்ற வீடியோ ஆப்பைப் போட்டு, உள்ளூர் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பாருங்கள். மாடி வைஃபையில் மொபைலிலும் சர்வர் தெரியவில்லை என்றால் டிவியைக் குறை சொல்ல வேலையில்லை. கூடவே, மொபைல் பிரவுசரில் சர்வர் எண்ணோடு 8200 என்ற போர்ட்டைப் போட்டால் ஒரு சின்னப் பக்கம் வரும். ஆடியோ எத்தனை, வீடியோ எத்தனை, படம் எத்தனை என்று அதில் இருக்கும். என் வீட்டில் வீடியோ 63 என்று வர வேண்டும். இதற்குப் பிறகு எதைச் சரிபார்த்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் பார்த்தேன்.

சரி, அப்பாவின் குறைக்கு வருகிறேன். அவர் சொல்லும் நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் 63 என்று சரியாகவே இருக்கும். சர்வர் உயிரோடு இருக்கிறது, டிவிக்கு மட்டும் தெரியவில்லை. டிவியை அணைத்துப் போட்டால் உடனே தெரிகிறது. ஒரு வாரம் இதையே சுற்றி வந்தேன். ஹார்டு டிஸ்க் தூங்கிவிடுகிறதோ என்று பார்த்தேன். வைஃபை சிக்னல் குறைவோ என்று ராஸ்பெர்ரி பையை டிவி பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். டிவியைப் போட்டது 10 மணி 5 நிமிஷம். பட்டியலிலேயே இருந்தேன், எதையும் ஓட்டவில்லை. 10.35க்கு சர்வர் பெயர் மறைந்தது. மறுபடி அணைத்துப் போட்டேன். மறுபடி சரியாக அரை மணி. தற்செயலாக நடப்பது இத்தனை ஒழுங்காக நடக்காது. எங்கோ ஒரு எண் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

இருந்தது. மினிடிஎல்என்ஏ அமைப்புக் கோப்பில் அறிவிப்பு இடைவெளி 895 வினாடி என்று இருக்கிறது, யாரும் தொடாவிட்டால் அதுதான். ஒவ்வொரு தண்டோராவோடும் "இந்தச் செய்தி இத்தனை வினாடிக்குச் செல்லுபடியாகும்" என்று ஒரு கெடுவும் போகும். அது இடைவெளியைப் போல இரண்டு மடங்கோடு 10 வினாடி. கூட்டினால் 1800 வினாடி, அதாவது அரை மணி. டிவி ஆன் ஆனதும் "யாராவது இருக்கிறீர்களா" என்று அதுவே கேட்கிறது. சர்வர் அந்த டிவிக்கு நேராகப் பதில் சொல்கிறது, அந்தப் பதில் போய்ச் சேருகிறது. அதற்குப் பிறகு கால் மணிக்கு ஒருமுறை சர்வர் போடும் தண்டோரா டிவிக்குப் போய்ச் சேருவதில்லை. கெடு முடிந்ததும் சர்வர் போய்விட்டது என்று டிவி முடிவு செய்து பட்டியலைத் துடைத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் படம் நிற்காது, அது தனி வழி. ஒரு சிடி ஒரு மணி நேரம் ஓடும். அது முடிந்து அப்பா பட்டியலுக்குத் திரும்பும்போது அரை மணி எப்போதோ தாண்டியிருக்கும். அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை.

தண்டோராவை நடுவில் யார் நிறுத்துவது? ஃபைபர் பெட்டியின் அமைப்பில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்று ஒன்று இருந்தது. பொது முகவரிக்கு வரும் செய்தியை எல்லாத் துளைக்கும் அனுப்பாமல், கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பும் ஏற்பாடு அது. யார் கேட்டார்கள் என்பதை அவ்வப்போது விசாரித்துப் புதுப்பிக்க வேண்டும். விசாரிக்க நெட்வொர்க்கில் ஆள் இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் டிவியின் பெயர் விட்டுப்போகும், அறிவிப்பும் நின்றுவிடும். சின்ன வீட்டு நெட்வொர்க்குக்கு அந்த ஏற்பாடு தேவையே இல்லை என்பது என் கருத்து. நிறுத்தினேன். 10 மணிக்குப் போட்ட டிவியில் மதியம் ஒரு மணிக்கும் சர்வர் பெயர் இருந்தது.

இதற்கு இடைவெளியை 60 வினாடியாகக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. என் நிலைமையில் அது உதவாது. போய்ச் சேராத செய்தியை அடிக்கடி அனுப்பினாலும் போய்ச் சேராது, கெடுவும் கூடவே சுருங்கி இரண்டே நிமிஷத்தில் மறைந்துவிடும். செய்து பார்த்தேன், அப்படித்தான் ஆனது.

அப்புறம் இரண்டு வாரம் நிம்மதி. பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. சர்வர் பெயர் தெரிகிறது, உள்ளே போனால் காலி. 8200 பக்கத்தில் வீடியோ 0. நெஞ்சு ஒரு நிமிஷம் நின்றுவிட்டது, அந்தச் சிடிகளில் பாதியை இன்னொரு தடவை படிக்க முடியுமா என்பதே சந்தேகம். டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் 63 கோப்பும் பத்திரமாக இருந்தன.

இது நான் செய்த ஏற்பாட்டால் வந்தது. டிஸ்க் இல்லாவிட்டாலும் ராஸ்பெர்ரி பை எழுந்திருக்கட்டும் என்று, எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று எழுதியிருந்தேன். அப்படி எழுதினால் மற்ற வேலைகள் டிஸ்க்குக்காகக் காத்திருக்காது. கரண்ட் வந்ததும் டிஸ்க் சுழன்று தயாராவதற்குள் மினிடிஎல்என்ஏ எழுந்து, கூத்து போல்டரைத் தேடி, அது இல்லையென்று தன் பட்டியலை அழித்துப் புதிதாக எழுதிக்கொண்டது. டிஸ்க் வந்த பிறகு அது திரும்பிப் பார்க்கவே இல்லை. பையில் எந்த நிரல் எப்போது எழ வேண்டும் என்று பார்ப்பது சிஸ்டம்டி; அதில் மினிடிஎல்என்ஏவுக்கு உரிய யூனிட் பகுதியில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற ஒரு வரியைச் சேர்த்து, டிஸ்க் இருக்கும் பாதையைக் கொடுத்தேன். டிஸ்க் ஏறினால்தான் இனி அது எழுந்திருக்கும். ஏறாவிட்டால் சர்வர் பெயரே டிவியில் வராது. காலிப் பட்டியலைவிட அது மேல், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பட்டியலைப் புதிதாக எழுத, மினிடிஎல்என்ஏ கட்டளையோடு -R (பெரிய ஆர்) சேர்த்து ஒரு தடவை ஓட்டினால் போதும்.

நேற்று காற்றோடு மழை, மூன்று தடவை கரண்ட் போய் வந்தது. நான் சொசைட்டியிலிருந்தே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இருக்குதாப்பா?"

"இருக்குது இருக்குது. துரியோதனன் படுகளம் ஓடுது, அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டார்.