மல்டிமீட்டர் காட்டிய 38 ஓம்

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. புளோ ரூம், கார்டிங், ரிங் ஃபிரேம், கம்ப்ரசர், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் என்று மொத்தம் 24 எனர்ஜி மீட்டர்கள். எல்லாமே ஆர்எஸ்-485 என்ற ஒரே இரண்டு ஒயர் சிக்னல் கேபிளில் வரிசையாகக் கோத்து, மெயின் பேனல் அறையில் இருக்கும் கேட்வேயில் (அளவுகளை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி) வந்து முடிகின்றன. எந்த டிபார்ட்மென்ட் எவ்வளவு யூனிட் இழுக்கிறது என்று முதலாளி வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம். பஞ்சுக்கு அடுத்து மில்லில் பெரிய செலவு கரண்ட்தான் என்பதால், அந்த எண்களை அங்கே எல்லோரும் மதிப்பார்கள்.

சித்திரை மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். ரிங் ஃபிரேமில் முதல் ஷிஃப்டுக்கு யூனிட் குறைவாகவும், நாலு மணிக்கு ஏறும் இரண்டாம் ஷிஃப்டுக்கு அதிகமாகவும் காட்டுகிறது. இரண்டு ஷிஃப்டிலும் உற்பத்தி ஒன்றுதான். இரண்டாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர் மூன்று வாரமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். ஓடாத மெஷினுக்கு சக்ஷன் ஃபேனை ஓடவிட்டதாகக் கூட ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அந்த மனிதர் என்னிடம் வந்து, "நான் ஒண்ணுமே பண்ணலீங்க சார்" என்றபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. ஒரு சாஃப்ட்வேர் காட்டிய எண்ணுக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் போவதற்குள் கேட்வேயை இரண்டு முறை மாற்றியிருந்தார்கள். சிம் கார்டையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. யாரும் கேபிளைப் பார்க்கவில்லை. அங்கே இருபது வருஷமாக இருக்கும் எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் ஒன்று சொன்னார்: "தம்பி, காலைல நல்லாத்தானுங்க இருக்குது. வெயில் ஏறுனா வுட்டுப்போவுது."

எனக்கு வேண்டிய துப்பு அதுதான். லேப்டாப்பை அந்தக் கேபிளில் மாட்டி, கேட்வேயும் மீட்டர்களும் மாட்பஸ் மொழியில் பேசும் கேள்வி பதில்களைக் கவனித்தேன். 1 முதல் 16 வரை ஒழுங்காகப் பதில் வந்தது. பதினொன்றரைக்கு மேல் 17 முதல் 24 வரை உள்ள மீட்டர்களின் பதிலில் சிஆர்சி பிழை, அதாவது சேதி வழியில் கெட்டுப்போய் வந்தது. ஒரு மணிக்கு அவை மொத்தமாக ஊமையாகிவிட்டன. அந்த எட்டும் ரிங் ஃபிரேம் மீட்டர்கள்.

மாட்பஸ் 1979-இல் மாடிகான் கம்பெனி தன் பிஎல்சிகளுக்காக (மெஷினை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள்) கொண்டுவந்தது. இத்தனை வருஷம் கழித்தும் தொழிற்சாலைத் தளத்தில் அதுதான் பொதுமொழி. மாஸ்டர் (இங்கே கேட்வே) கேட்கும், ஸ்லேவ் (மீட்டர்) சொல்லும், கேட்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 9600 பாட் வேகத்தில் 24 மீட்டரையும் ஒரு சுற்று கேட்டு முடிக்க மூன்று விநாடி போதும். ஆனால் பதில் வராத ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு விநாடி காத்திருந்து மூன்று முறை கேட்டால், எட்டு மீட்டருக்கே 24 விநாடி வீணாகும். சுற்று மொத்தமும் நொண்ட ஆரம்பித்துவிடும்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேபிளில் நடக்கும் பேச்சை நிறுத்தச் சொல்லி, கேட்வே பக்கம் ஏ, பி இரண்டு ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். 38 ஓம். சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க, கேபிளின் இரண்டு முனையிலும் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போடுவார்கள். அப்படி இருந்தால் 60-ஐ ஒட்டி, மீட்டர்களின் சுமையால் கொஞ்சம் குறைவாகக் காட்டும். 38 என்றால் மூன்றாவதாக ஒன்று எங்கோ நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு பேனலாகத் திறந்துகொண்டு போனோம். 16-ஆம் மீட்டரில் அகப்பட்டது. ஏ, பி டெர்மினல்களுக்கு நடுவில், தூசி படிந்து, பழுப்பு, சிவப்பு, பழுப்பு வளையத்தோடு (120 ஓம் என்று அர்த்தம்) சின்னதாக ஒரு ரெசிஸ்டர். ஒரு காலத்தில் வரிசை அதோடு முடிந்திருக்கிறது. பிறகு எட்டு மீட்டரைச் சேர்த்தவர்கள் கடைசியில் புதிதாக ஒன்றைப் போட்டார்கள், பழையதை எடுக்கவில்லை. அந்த மூன்றாவது ரெசிஸ்டரின் சுமையால் சிக்னல் எப்போதும் பலவீனமாகவே இருந்திருக்கிறது.

வெயிலுக்கு இதில் என்ன வேலை? பிறகு சேர்த்த கேபிளை, ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவின் கேபிள் போகும் அதே டிரேயில் போட்டிருந்தார்கள். வெளியே சூடு ஏற ஏற ஃபேன் வேகம் எடுக்கும், டிரைவ் தள்ளும் கரண்டும் கூடும், பக்கத்து ஒயரில் இரைச்சலும் ஏறும். போதாக்குறைக்கு ஷீல்டை (இரைச்சலைத் தடுக்க ஒயர்களைச் சுற்றியிருக்கும் உலோக உறை) இரண்டு பக்கமும் எர்த் செய்திருந்தார்கள். பலமான சிக்னல் அந்த இரைச்சலைத் தாண்டியிருக்கும். இது தாண்டவில்லை.

கேபிள் பிழை எனக்குப் புதிதல்ல. என்னைக் கோபப்படுத்தியது கேட்வே சாஃப்ட்வேர். மீட்டர் பதில் சொல்லாதபோது அது கடைசியாக வந்த அளவையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் பச்சை விளக்கு. நாலு மணிக்கு ஷிஃப்ட் கணக்கு மூடும்போது ஒரு மணி ரீடிங்கை எடுத்துக்கொள்ளும். விட்டுப்போன மூன்று மணி நேர யூனிட் அடுத்த ஷிஃப்டின் தலையில் விழும். வராத அளவை வந்ததாகக் காட்டுவது பொய் சொல்வது. எழுதியவர்கள் கிராஃப் அறுபடாமல் அழகாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். இங்கே ஒரு மனிதர் திட்டு வாங்கினார்.

கேட்வே அளவுகளை இணையத்தில் அனுப்பும் எம்க்யூடிடி முறை இருக்கிறதே, மீட்டர் ஊமையானதை அது சொல்லாதா என்று அங்கிருந்த இளம் இன்ஜினியர் கேட்டார். நல்ல கேள்வி. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களைச் சாட்டிலைட் வழியாகக் கண்காணிக்க அதை உருவாக்கியபோதே, இணைப்பு அறுந்தால் சேதி சொல்லும் ஏற்பாட்டை நினைத்துச் செய்தார்கள். ஒரு கருவி திடீரென்று செத்துவிட்டால் அது முன்கூட்டியே எழுதிக்கொடுத்த உயிலை புரோக்கர் (நடுவில் சேதி வாங்கிக் கொடுக்கும் சர்வர்) மற்றவர்களுக்கு அனுப்பிவிடும். ஆனால் இங்கே இணைப்பில் இருப்பது கேட்வே. அது உயிரோடுதான் இருக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் எட்டு மீட்டர் ஊமையானதை கேட்வே சாஃப்ட்வேர்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். ஒவ்வொரு அளவோடும் அது எடுத்த நேரத்தையும், நம்பலாமா கூடாதா என்ற குறியையும் சேர்த்து அனுப்பச் சொன்னேன். இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது அளவு வராவிட்டால் கிராஃபில் வெற்றிடம் விழும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரௌட்டரில் மாட்பஸுக்கான வாசலான 502 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிட்டால் வீட்டிலிருந்தே பிஎல்சியையும் பார்க்கலாம் என்று யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். மாட்பஸுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. யார் கேட்டாலும் சொல்லும், யார் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தேன்.

ரெசிஸ்டரைப் பிடுங்கி, கேபிளைத் தனிக் குழாயில் மாற்றி, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் செய்தோம். மல்டிமீட்டர் 55 காட்டியது. மறுநாள் மத்தியானம் ஃபேன் முழு வேகத்தில் ஓட, 24 மீட்டரும் பதில் சொல்லின. நாலரை மணிக்கு சூப்பர்வைசர் பேனல் அறைக்கு வந்து ஷிஃப்ட் கணக்கை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுப் போனார்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் கடைசி மீட்டரின் கதவுக்கு உள்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தார்: "லைன் இங்க முடியுது. மேல நீட்டுனா இந்த 120 ஓம்மைக் கழட்டி அந்தக் கடைசில போடவும்."